நான்கா, இரண்டா? கணிப்பொறி தன் செயலியை எண்ணிச் சொல்லும் முறை

மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (கணிப்பொறி அறிவியல்), மீஞ்சூர்

முன்னுரை

அறிவியல் வளர்ந்துவரும் இந்நாளில் கணிப்பொறி இல்லாத இடம் அரிது. ரேஷன் கடையில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் அறையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலை வாயிற்காவலரின் மேசைமீதும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் பலர். அதனுள் என்ன இருக்கிறது என்று அதனிடமே கேட்டு அறிவோர் சிலர். கேட்டால் அது சொல்லும். ஆனால் அது சொல்வதைப் படிக்கத் தெரியாவிட்டால் இழப்பு நமக்குத்தான். இதை நான் நூலில் படித்து எழுதவில்லை. ரூ. 14,500 கொடுத்துக் கற்றேன். அந்தப் பாடத்தை என் உடன் பயிலும் மாணவ மாணவியர்க்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழை இருப்பின் ஆசிரியப் பெருமக்கள் திருத்தி அருள வேண்டுகிறேன்.

மடிக்கணினி வாங்கிய கதை

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவும் சித்தியும் மீஞ்சூர் ரயில் நிலையத்திற்குப் போகும் வழியில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள். நான் முதலாண்டு முடித்தபோது, எனக்கென்று ஒரு மடிக்கணினி வேண்டும் என்று அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். "படிச்ச பொண்ணு நீயே பாத்து வாங்கு" என்றார்.

மாமாவுடன் சென்னைக்குச் சென்று, பழைய மடிக்கணினிகள் விற்கும் ஒரு கடையில் கேட்டோம். "நான்கு கோர் உள்ளதாகப் பார்த்து வாங்கு" என்று மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் சொல்லியிருந்தார். அதையே சொன்னேன். கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று இரண்டு கோர், ரூ. 11,000. மற்றொன்று நான்கு கோர், ரூ. 14,500. எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்கு, இரண்டாவது மடிக்கணினியில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'பிராசசர்கள்' என்னும் தலைப்பை விரித்துக் காட்டினார். ஒரே பெயர் நான்கு வரிகளில் இருந்தது. "நீயே எண்ணிக்கோம்மா" என்றார். எண்ணினேன். நான்கு. பணம் கொடுத்தோம்.

மூன்றாம் பருவத்தில் இயக்க அமைப்புப் பாடம் தொடங்கியது. ஆய்வகத்தில் லினக்ஸ் கணிப்பொறியில் 'எல்.எஸ்.சி.பி.யூ.' என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொன்னார் எங்கள் ஆசிரியர். செயலியைப் பற்றிய விவரங்கள் வரிவரியாய் வந்தன. அன்று மாலையே வீட்டில் என் மடிக்கணினியில் லினக்ஸைத் திறந்து அதே கட்டளையைக் கொடுத்தேன். வந்த வரிகளில் முதன்மையானவற்றைத் தமிழாக்கித் தருகிறேன்.

சி.பி.யூ.க்கள்: 4
ஒரு கோருக்கு த்ரெட்கள்: 2
ஒரு சாக்கெட்டுக்குக் கோர்கள்: 2
சாக்கெட்டுகள்: 1

மூன்றாம் வரியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. கோர் இரண்டுதான். முதல் வரியில் உள்ள நான்கு என்ன? இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் ரூ. 3,500 இருந்தது. அம்மா எத்தனை காலை நான்கு மணிக்கு எழுந்தால் அது சேரும் என்பது எனக்குத் தெரியும்.

அடுப்பும் ஆளும்

இரவு அம்மா கேட்டார்: "இன்னாடி, மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்கே?" மறைக்க முடியவில்லை. நாலு வேலை ஒன்றாக நடப்பதாகக் காட்டுகிறது, ஆனால் உள்ளே வேலை செய்வது இரண்டுதான் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கடையில நாலு அடுப்பு எரியுது. பாக்கறவன் நாலு பேரு சமைக்கிறாங்கன்னா எண்ணுவான்? நானும் உன் சித்தியுந்தானே நிக்கிறோம்."

நண்பர்களே, இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பின்னர் படித்த எந்த நூலிலும் காணவில்லை. எனவே அம்மாவின் கடையைக் கொண்டே சொற்களை விளக்குகிறேன்.

சாக்கெட் என்பது கடை. கணிப்பொறிப் பலகையில் செயலிச் சில்லு பொருந்தும் இடம் அது. நம் வீட்டுக் கணிப்பொறிகளில் ஒன்றே இருக்கும்.

கோர் என்பது கடைக்குள் நின்று சமைக்கும் ஆள். கூட்டல், பெருக்கல், ஒப்பிடல் ஆகிய வேலைகளைச் செய்யும் உறுப்புகள் முழுமையாக அமைந்த பகுதி அது. இதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடினேன். வகுப்பில் வழங்கும் சொல்லே எளிது என்று விட்டுவிட்டேன்.

த்ரெட், அதாவது இழை, என்பது அடுப்பு. ஒவ்வோர் இழைக்கும் தனியே ரெஜிஸ்டர்கள் உண்டு. அடுத்து எந்தக் கட்டளை என்று நினைவில் வைக்கும் இடமும் தனியே உண்டு. ஆனால் வேலையைச் செய்து முடிக்கும் உறுப்புகள் அந்தக் கோரில் உள்ள இரண்டு இழைகளுக்கும் பொது. ஓர் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது அம்மா சும்மா நிற்பதில்லை; அடுத்த அடுப்பில் தோசை ஊற்றுகிறார். அதுபோல, ஓர் இழை நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும் வேளையில் மற்ற இழையின் வேலையைக் கோர் செய்கிறது. இன்டெல் நிறுவனம் இதற்கு 'ஹைப்பர் த்ரெடிங்' என்று பெயரிட்டு, 2002-ஆம் ஆண்டு தன் சியான் செயலியிலும், அதே ஆண்டின் இறுதியில் பென்டியம் 4 செயலியிலும் கொண்டுவந்தது.

இப்போது கணக்கு தெளிவாகிறது. ஒரு கடை, கடைக்கு 2 ஆட்கள், ஆளுக்கு 2 அடுப்பு. 1 × 2 × 2 = 4. இயக்க அமைப்பு 'சி.பி.யூ.' என்று எண்ணுவது அடுப்பை. ஏன் அப்படி? ஒரு வேலையை எங்கே ஏற்றி வைக்கலாம் என்பதே இயக்க அமைப்பின் கவலை. ஏற்றி வைக்கக்கூடிய ஒவ்வோர் இடமும் அதன் கணக்கில் ஒரு சி.பி.யூ. ஆகிறது. டிவைஸ் மேனேஜரின் நான்கு வரிகளும் அடுப்புகளே. விண்டோஸ் பொய் சொல்லவில்லை. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்திருந்தால், அதே விண்டோஸ் 'கோர்கள் 2, லாஜிக்கல் பிராசசர்கள் 4' என்று பிரித்துக் காட்டியிருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டு என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

இயக்க அமைப்புக்கு இதை யார் சொல்கிறார்கள்?

கணிப்பொறியைத் திறந்து பார்த்து எண்ண இயக்க அமைப்புக்குக் கண் இல்லை. அது இரண்டு வழிகளில் அறிகிறது.

முதலாவது வழி, பலகையிலேயே பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்னும் நிரல். மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது அதுதான். அது நினைவகத்தில் சில அட்டவணைகளை எழுதி வைக்கிறது. அவற்றுள் ஒன்றில் எல்லா இழைகளின் அடையாள எண்களும் இருக்கும். இதை வருகைப் பதிவேடு என்று கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரே ஓர் இழை மட்டும் விழித்திருக்கும். அதன்மீது லினக்ஸின் கருநிரல் ஏறிக்கொண்டு, பதிவேட்டைப் படித்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. பொதுவாகப் பதிவேட்டில் உள்ள வரிசைப்படியே 0, 1, 2, 3 என்று எண் கொடுக்கிறது.

இரண்டாவது வழி, செயலியையே கேட்பது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளில் 'சி.பி.யூ. ஐ.டி.' என்று ஒரு கட்டளை உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்து இதை இயக்கினால், அந்த எண்ணுக்குரிய விவரத்தைச் செயலி ரெஜிஸ்டர்களில் நிரப்பித் தரும். புதிய இன்டெல் செயலிகளில் 11 என்னும் எண்ணைக் கொடுத்தால், அடையாள எண்ணின் எந்தெந்த பிட்டுகள் எதைக் குறிக்கின்றன என்று சொல்லும். என் மடிக்கணினியில் கடைசி பிட் இழையையும், அதற்கு மேலுள்ளவை கோரையும் குறிக்கின்றன. அடையாள எண்களை இரும எண்ணாக எழுதினால் இவ்வாறு அமையும்.

சி.பி.யூ. 0: அடையாளம் 0, அதாவது 00. கோர் 0, இழை 0.
சி.பி.யூ. 1: அடையாளம் 2, அதாவது 10. கோர் 1, இழை 0.
சி.பி.யூ. 2: அடையாளம் 1, அதாவது 01. கோர் 0, இழை 1.
சி.பி.யூ. 3: அடையாளம் 3, அதாவது 11. கோர் 1, இழை 1.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. சி.பி.யூ. 0-உம் 1-உம் பக்கத்து எண்கள் ஆயினும் அவை வெவ்வேறு கோர்கள். சி.பி.யூ. 0-உம் 2-உம்தான் ஒரே கோரின் இரண்டு இழைகள். என் மடிக்கணினியின் ஃபர்ம்வேர் அந்த வரிசையில் எழுதியிருக்கிறது. வேறொரு கணிப்பொறியில் 0-உம் 1-உம் ஒரே கோராக இருக்கலாம். எனவே வரிசை எண்ணைக் கொண்டு உறவை ஊகிக்கக் கூடாது.

இவ்வாறு திரட்டிய விவரத்தைக் கருநிரல் கோப்புகளைப் போன்ற தோற்றத்தில் நமக்குத் தருகிறது. 'புராக்' என்னும் அடைவில் உள்ள 'சி.பி.யூ. இன்ஃபோ' கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சி.பி.யூ.வுக்கும் ஒரு பத்தி இருக்கும். அதில் 'சிப்ளிங்ஸ்' என்ற வரி ஒரு சில்லில் உள்ள இழைகளின் எண்ணிக்கை, 'சி.பி.யூ. கோர்ஸ்' என்ற வரி கோர்களின் எண்ணிக்கை. முதலாவது இரண்டாவதைப் போல் இரு மடங்கானால், ஒரு கோருக்கு இரண்டு இழைகள் என்று பொருள். 'சிஸ்' என்னும் அடைவில் இதே செய்தி இன்னும் ஒழுங்காக, ஒவ்வொரு சி.பி.யூ.வுக்கும் 'டோப்பாலஜி' என்ற தனி அடைவில் இருக்கிறது. இந்தக் கோப்புகள் வட்டில் எங்கும் எழுதப்பட்டவை அல்ல. நாம் திறக்கும் நொடியில் கருநிரல் நிரப்பித் தருபவை. எல்.எஸ்.சி.பி.யூ. இவற்றைப் படித்து, ஒரு பக்கத்தில் அழகாகச் சுருக்கித் தருகிறது. அவ்வளவே அதன் வேலை.

சோதித்துப் பார்த்தேன்

சொல்வது மெய்யா என்று அறியாமல் விட மனம் வரவில்லை. பகா எண்களை எண்ணும் சிறிய சி நிரல் ஒன்றை எழுதினேன். 'டாஸ்க்செட்' என்னும் கட்டளை ஒரு நிரலை நாம் விரும்பும் சி.பி.யூ.மீது மட்டும் ஓடச் செய்யும். அதைக் கொண்டு மூன்று முறை ஓட்டினேன்.

முதலில் சி.பி.யூ. 0-இல் தனியாக ஓட்டினேன். ஏறத்தாழ 40 நொடி ஆயிற்று. அடுத்து, ஒரே நிரலின் இரண்டு படிகளைச் சி.பி.யூ. 0-இலும் 1-இலும் ஒரே சமயத்தில் ஓட்டினேன். இரண்டும் 42 நொடிக்குள் முடிந்தன. இரண்டு ஆள், இரண்டு வேலை. யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மூன்றாவதாக, இரண்டு படிகளையும் 0-இலும் 2-இலும் ஓட்டினேன். 64 நொடி ஆயிற்று.

மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். ஒருவரே இரண்டு வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 80 நொடி ஆகும். இரண்டு அடுப்பு இருந்ததால் 64-இல் முடிந்தது. இரண்டு ஆட்கள் இருந்தால் 42. ஆக, இரண்டாவது இழை வீண் இல்லை. ஆனால் அது இன்னொரு கோருக்கு ஈடும் இல்லை. எவ்வளவு இலாபம் என்பது வேலையைப் பொறுத்தது. இட்லியும் தோசையும் என்றால் ஆள் ஓய்வாக இருக்கும் நேரம் மற்ற அடுப்புக்குப் பயன்படும். இரண்டு அடுப்பிலும் தோசைக்கல் என்றால் கை ஒழிவதே இல்லை, இலாபம் குறையும்.

இதே டாஸ்க்செட்டால் இன்னொன்றும் கண்டேன். 'என்.பிராக்' என்னும் கட்டளை எத்தனை சி.பி.யூ.க்கள் என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லும். அதைச் சி.பி.யூ. 0-இல் கட்டிப் போட்டு இயக்கினால் 1 என்கிறது! கணிப்பொறியில் எத்தனை என்பதை அது சொல்வதில்லை. தனக்கு எத்தனை கிடைக்கும் என்பதையே சொல்கிறது. மெய்நிகர் கணிப்பொறிகளிலும் இதே கதைதான். மேகக் கணிமை நிறுவனங்கள் வாடகைக்கு விடும் 'வி.சி.பி.யூ.' பல இடங்களில் ஓர் இழையே அன்றி முழுக் கோர் அன்று. உள்ளே இருக்கும் இயக்க அமைப்பு, வெளியே இருக்கும் நிரல் என்ன சொன்னதோ அதையே நமக்குத் திருப்பிச் சொல்லும்.

எதைக் கோர் என்பது? வழக்கு மன்றம் சென்ற கேள்வி

நான் மட்டும் குழம்பவில்லை. ஏ.எம்.டி. நிறுவனம் 2011-இல் 'புல்டோசர்' என்னும் வடிவமைப்பை வெளியிட்டது. அதில் இரண்டு கோர்களை ஒரு தொகுதியாக இணைத்து, தசம எண் கணக்குகளைச் செய்யும் உறுப்பை இரண்டுக்கும் பொதுவாக வைத்தார்கள். கடைக் கணக்கில் சொன்னால், இரண்டு பேர், தனித்தனி அடுப்பு, ஆனால் மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று. நான்கு தொகுதிகள் கொண்ட செயலி எட்டுக் கோர் என்று விற்கப்பட்டது. லினக்ஸில் எல்.எஸ்.சி.பி.யூ. அதையே 'கோர்கள் 4, கோருக்கு த்ரெட்கள் 2' என்று அச்சிட்டது. எட்டா, நான்கா என்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2015-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019-இல் அந்நிறுவனம் 1 கோடியே 21 இலட்சம் டாலர் தர இசைந்து சமரசம் செய்துகொண்டது. கோர் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் ஒரே இலக்கணம் இல்லை என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

பெயரும் ஏமாற்றக்கூடும். 'ஐ-5' என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்து வாங்குவோர் பலர். மடிக்கணினிகளுக்கான ஆறாம் தலைமுறை ஐ-5 6200யூ செயலியில் 2 கோர், 4 இழை. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ-5 8250யூ செயலியில் 4 கோர், 8 இழை. ஒட்டுச்சீட்டில் இரண்டும் ஐ-5 தான்.

இவ்விடத்தில் நம் சென்னையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி அவர்களின் தலைமையில் 'சக்தி' என்னும் செயலி வடிவமைக்கப்பட்டது. 2018-இல் அது சில்லாக வார்க்கப்பட்டு, அதில் லினக்ஸும் இயங்கியது. அது 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் திறந்த கட்டளைத் தொகுப்பைச் சார்ந்தது. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்தத் தொகுப்பில் இழையைக் குறிக்க 'ஹார்ட்' என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். வன்பொருள் இழை என்பதன் சுருக்கம் அது. அவ்வகைச் செயலிகளில் லினக்ஸ் தரும் சி.பி.யூ. இன்ஃபோ கோப்பில் 'ஹார்ட்' என்றே ஒரு வரி வரும். எண்ணப்படுவது அடுப்பு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரிய கணிப்பொறியும் சிறிய கைப்பேசியும்

பெரிய சர்வர்களில் இரண்டு சாக்கெட்டுகள் இருப்பதுண்டு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் அதற்கென நினைவகம் இருக்கும். தண்டவாளத்துக்கு இந்தப்புறம் ஒரு கடை, அந்தப்புறம் ஒரு கடை என்று கொள்வோம். மாவு தன் கடையிலேயே இருந்தால் உடனே எடுக்கலாம். அந்தப்புறக் கடையில் இருந்தால் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் எடுத்து வர வேண்டும். கிடைக்கும், ஆனால் நேரமாகும். இந்த அமைப்புக்கு 'நூமா' என்று பெயர். எந்தச் சி.பி.யூ.க்கள் எந்த நினைவகத்துக்கு அருகில் உள்ளன என்பதையும் எல்.எஸ்.சி.பி.யூ. தனி வரிகளில் சொல்லும். நம் மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் ஒன்று என்றே வரும்.

கைப்பேசியில் வேறு வகை. எட்டுக் கோர் என்று விளம்பரம் செய்யப்படும் பல கைப்பேசிகளில் எட்டும் ஒரே வலிமை உடையவை அல்ல. சில வேகமானவை, மற்றவை மின்கலத்தை மிச்சப்படுத்தும் மெதுவானவை. அங்கே எண்ணிக்கை சரியாக இருந்தாலும் 'எட்டு' என்ற ஒற்றை எண் முழு உண்மையைச் சொல்வதில்லை. கருநிரல் ஒவ்வொன்றின் வலிமையையும் தனியே குறித்து வைத்துக்கொண்டுதான் வேலையைப் பிரிக்கிறது.

பாதுகாப்புக்கும் இந்த அறிவு வேண்டும். ஒரே கோரில் உள்ள இரண்டு இழைகளும் கேஷ் நினைவகத்தைப் பகிர்வதால், ஒன்றின் இரகசியத்தை மற்றது ஒட்டுக்கேட்க வழி உண்டு என்று ஆய்வாளர் காட்டினர். அதனால் 'ஓப்பன் பி.எஸ்.டி.' என்னும் இயக்க அமைப்பு 2018-இல் இன்டெல் செயலிகளில் இரண்டாம் இழையை இயல்பாகவே நிறுத்தி வைத்தது. புதிய எல்.எஸ்.சி.பி.யூ. தன் பட்டியலின் இறுதியில் இத்தகைய குறைகளையும், அவற்றுக்குச் செய்யப்பட்ட காப்பையும் வரிசையாகத் தருகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நம்மில் பலர் வீட்டில் அண்ணன் அல்லது அக்காவுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினி இருக்கலாம். 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பாஸ் நம் சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவானது, 2007-இல் வெளிவந்தது. பலர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. திறந்து டெர்மினலில் எல்.எஸ்.சி.பி.யூ. என்று கொடுங்கள். பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

பழைய மடிக்கணினி வாங்கச் செல்வோர் மூன்று செயல்களைச் செய்க. ஒன்று, விண்டோஸாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் 'கோர்கள்' என்ற வரியைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் வரிகளை எண்ணாதீர்கள். இரண்டு, லினக்ஸாக இருந்தால் 'ஒரு சாக்கெட்டுக்குக் கோர்கள்' என்ற வரியைச் சாக்கெட்டுகளின் எண்ணால் பெருக்குங்கள். மூன்று, செயலியின் முழுப் பெயரை, எண்ணும் கடைசி எழுத்தும் விடாமல், குறித்துக்கொண்டு அந்நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் சரிபாருங்கள். மூன்றும் ஒத்துப் போனால் பணத்தை எடுங்கள்.

முடிவுரை

மாமாவும் நானும் மீண்டும் அந்தக் கடைக்குச் சென்றோம். எல்.எஸ்.சி.பி.யூ. தந்த பட்டியலைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். கடைக்காரர் மறுபடியும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். "நாலுதானேம்மா காட்டுது?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவர் அறிந்து ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் அடுப்பையும் ஆளையும் சொல்லி விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பணம் திரும்பவில்லை, பழைய பை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது. மாமா சன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் அதன்பின் எங்கள் தெருவில் மூன்று பேர் மடிக்கணினி வாங்கப் போகும்போது என்னை அழைத்துச் சென்றார்கள். ஒருவருக்கு, நான்கு என்று சொல்லி இரண்டைக் கொடுக்கவிருந்ததைத் தடுத்தேன்.

கணிப்பொறி நம்மிடம் பொய் சொல்வதில்லை. எதை எண்ணுகிறது என்பதைச் சொல்லித்தான் எண்ணுகிறது. எண்ணை மட்டும் கேட்டுவிட்டு, எதன் எண் என்று கேட்காமல் வருவது நம் தவறு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுத் தரப் பெற்றோர்க்கு வாய்ப்பு இல்லை. நாமே கேட்கப் பழக வேண்டும். இன்று காலையும் அம்மாவின் கடையில் நான்கு அடுப்பும் எரிந்தன. ரயிலுக்கு ஓடுமுன் பத்து நிமிடம் நானும் நின்று தோசை ஊற்றினேன். அந்தப் பத்து நிமிடம் மட்டும் எங்கள் கடையில் ஆட்கள் மூவர்.